வழக்கமான நடை

அன்புள்ள மகளுக்கு,

கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சிக்காக வந்த கல்லூரி மாணவர்கள் நம் கூடத்துச் சுவரில் சென்சார் பொருத்தினார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கருவியில் குறை ஒன்றும் இல்லை.

என் வழக்கமான நடையை அது ஒரு வாரம் கற்றுக்கொள்ளுமாம். பிறகு நடை மாறினால் உன் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புமாம். அந்த வாரம் முழுவதும் கைத்தடியை அலமாரிக்குள் வைத்துவிட்டு, கான்வென்ட்டில் பழக்கியபடி நிமிர்ந்து நடந்தேன். தினமும் சரிபார்க்க வந்தவர்கள் முன்னால் வேறு எப்படி நடப்பது?

"பாட்டி, சாதாரணமா நடங்க" என்றாள் அந்த மாணவி.

"நான் எப்பவும் இப்படித்தான் நடப்பேன். பாட்டின்னு கூப்பிடுற வேலையெல்லாம் வேண்டாம்" என்றேன். கூட வந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பயிற்சி முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். நான் தடியை எடுத்த நாளிலிருந்து உனக்கு ஓயாமல் எச்சரிக்கை. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா முதியோர் இல்லம்தாம்மா, எனக்கு வேற வழி தெரியல" என்று அழுதாய். நான் தடியை மறுபடி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

நேற்று, "ஒரு எச்சரிக்கையும் இல்ல, நல்லாத் தேறிட்டீங்கம்மா!" என்று மகிழ்ந்தாய். உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அந்தக் கருவிக்கு எந்தப் புகாரும் இல்லை.

வேலைக்காரப் பெண் தோள் கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கும்போது மட்டும் எழுகிறேன். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் தீர்ந்துவிட்டது. சமையலறை கண்ணெதிரேதான் இருக்கிறது.

முடிந்தால் அந்த மாணவர்களை மறுபடி ஒருமுறை வரச் சொல். அந்த மாணவி என்னைப் பாட்டி என்றே கூப்பிடட்டும்.

உன் அம்மா