கொடி விழுந்ததும் ஓட வேண்டும்

1977 ஜனவரி 12, புதன்

பனி. கடல் தெரியவில்லை. கார்புரேட்டர் கழற்றி மாட்டினேன். வீட்டுக்காரி ருக்குவுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

முதலாளி திருப்போரூர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். சோழவரம் ரேஸில் இந்த வருஷம் புது மாதிரி ஸ்டார்ட்டாம். கார்கள் ஒரு பக்கம், டிரைவர்கள் எதிர்ப்பக்கம். கொடி விழுந்ததும் ஓடிப்போய் ஏறி வண்டியை எடுக்க வேண்டும். "உன் மூட்டுவாதம் தாங்குமா? இல்லேன்னா வேற ஆளைப் போடறேன்." தாங்கும் சார் என்றேன்.

மூட்டுவாதமாவது மண்ணாங்கட்டியாவது, நொண்டலுக்கு நான் சொன்ன பொய். எழுபத்தொண்ணு சண்டையில் கண்ணிவெடிக்குப் போன இடது பாதம். இப்போது மரம், மேலே சாக்ஸ், ஷூ. நாலு வருஷமாக அவருக்கு ரேஸ் ஓட்டுகிறேன், தெரியாது. தெரிந்தால் சீட் போய்விடும். அந்த சீட்டில்தான் நான் முழு ஆள்.

ஜனவரி 17, திங்கள்

விடிகாலை. கோவளம் மணலில் ஓட்டம். ருக்கு துண்டைக் கீழே போடுவாள், அதுதான் கொடி. மூன்று தடவை விழுந்தேன். பக்கத்து வீட்டு ஏழுமலை வலை உதறிக்கொண்டே, "இன்னா அண்ணாத்த, அண்ணி தொரத்துதா?" ருக்கு சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ரொம்ப நாளாச்சு.

முழங்காலுக்குக் கீழே ரத்தம். தேங்காய் எண்ணெய் தடவினேன். பாதத்தைக் கட்டும் வார் நைந்துவிட்டது. செங்கல்பட்டு போய் மாற்ற வேண்டும்.

ஜனவரி 29, சனி

ஒரு தடவைகூட விழவில்லை. ஏழுமலையும் கூட ஓடினான். "எனக்கே மூச்சு வாங்குது, நீ பாட்டுக்குப் போய்கினே கீறியே." காது குளிர்ந்தது. செங்கல்பட்டு போகவில்லை. எஞ்சின் வேலை.

பிப்ரவரி 7, திங்கள்

நேற்று சோழவரத்தில் ரேஸ். எழுதக் கை வரவில்லை.

கொடி விழுந்தது. ஓடினேன். பாதி வழியில் வார் அறுந்தது. பாதம் ஷூவோடு டிராக்கில். ஒற்றைக் காலில் தத்திப் போய்க் காருக்குள் விழுந்தேன். கிளட்ச் மிதிக்கக் கால் இல்லை. கியரில் போட்டபடியே ஸ்டார்ட் கொடுத்தேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, மிதிக்காமலே கியர் மாற்றினேன். பட்டாள லாரியில் பழகினது. கடைசியில் கிளம்பி நாலு வண்டியைத் தாண்டிவிட்டேன். சத்தியமாக அவ்வளவு நன்றாக என்றைக்கும் ஓட்டியதில்லை.

அப்புறம் கறுப்புக் கொடி, என் நம்பரோடு. வெளியே வா என்று அர்த்தம்.

முதலாளி கையில் என் ஷூ. அதைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா ஓட்ட விட்டிருப்பீங்களா சார்?"

ஷூவை என்னிடம் நீட்டினார். இனி எந்த ரேஸிலும் என்னைச் சேர்க்க மாட்டார்களாம். அதையும் அவரே சொன்னார், மெதுவாக. அவர் போன பிறகு அழுதேன்.

ராத்திரி ஏழுமலை வந்தான். வலைக்கயிற்றில் புது வார் முடைந்து கொடுத்தான்.

பிப்ரவரி 8, செவ்வாய்

மேகம். விடிகாலை ருக்கு தோளைத் தட்டினாள். "எய்ந்திருய்யா, வெளிச்சம் வந்துட்ச்சி."

எழுந்து பாதத்தை மாட்டி, வாரை இறுக்கிக் கட்டினேன். அவள் துண்டை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை வந்துவிட்டோம். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.