பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டுவதென்றால் முதலிலேயே திட்டிவிடு. நீ கூடாது என்று சொன்னதைச் செய்துவிட்டேன்.

சிறுவாச்சூரில் உன் பழைய கம்ப்யூட்டர்களை மக்கள் பார்க்கட்டும் என்று நீ பிடித்த அறைக்கு, நீ கண்ணை மூடியபின் வாடகை கட்ட முடியவில்லை. உதவி கேட்டு அரியலூரில் ஒரு கம்பெனி வாசலில் மூன்று முறை நின்றேன். "பழைய சாமானைப் பாக்க யாரும்மா வருவா?" என்றார்கள். அறைக்காரரோ, "இந்த மாசத்துக்குள்ள பாக்கியைக் குடு, இல்லன்னா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் காலி பண்ணு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்த ஜாதக பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு, காசு வாங்கிக்கொண்டு பலன் அடித்துக் கொடுத்தேன். மூடிப்போன ஜோசியக் கடையிலிருந்து கம்ப்யூட்டரோடு வந்ததே, காட்சிக்கு மட்டும்தான், யாருக்கும் பலன் பார்க்கக் கூடாது என்று அடித்துச் சொன்னாயே, அதேதான். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் நம் ஊர் அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் நம் வாசலிலும் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்னும் இரண்டு வாரம் ஓடியிருந்தால் அறை நம் கையில் நின்றிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை திருமானூரிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். நிச்சயத்துக்கு முன்னால் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். பிரிண்டர் கரகரவென்று அடித்து, 'ரஜ்ஜு இல்லை' என்று முடித்தது. ரஜ்ஜு இல்லையென்றால் தாலி நிலைக்காது என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்களே. அப்பா பார்ப்பதற்குள் அந்தப் பெண் படித்துவிட்டாள். அந்த வரியைக் கையால் மறைத்தாள். சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா வந்திருக்கு?" என்றார் அவர்.

தாளைக் கிழித்துக் கசக்கினேன். "மிஷின் பழசுங்க. தப்புத் தப்பா அடிக்குது. இதை நம்பாதீங்க."

வரிசையில் நின்ற ஒருவர், "அப்ப திங்கக்கிழமை எனக்கு அடிச்சுக் குடுத்தது?" என்று கத்தினார்.

"அதுவும் தப்புதாங்க. காசைத் திருப்பி வாங்கிட்டுப் போங்க."

கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணம் நடக்குமா? வேறு ஜோசியரிடம் போயிருப்பார்களோ? தெரியவில்லை அண்ணா.

ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்துப் பார்த்து நீ ஓடவைத்த கம்ப்யூட்டர் அது. அது ஒரு பிழையும் செய்யவில்லை. கெட்டுப்போனது என்று ஊரறியச் சொன்னவள் நான்தான். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நாளை அறையைக் காலி செய்கிறேன். பழைய இரும்புக்கடைக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் நம் வீட்டுக் கூடத்தில் அடுக்குவேன். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், உன் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
செல்வி