கேட்டை அளந்த பேராசிரியர்

வியாழன், இரவு.

தொழில்நுட்பக் கம்பெனிகளையும் பல்கலைக்கழகங்களையும் சுற்றிப் பார்க்க வந்த குழுவை மகன் இன்று எங்கள் சிங்காநல்லூர் பம்ப் ஆலைக்கும் அழைத்து வந்தான். எல்லோரும் இயந்திரங்களைப் பார்த்தார்கள். பேராசிரியர் என்று அறிமுகமான ஒருவர் மட்டும் கேட்டிலிருந்து சாலைவரை காலடி வைத்து அளந்தார். கிணற்றில் தண்ணீர் உண்டா என்றார். என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என் மகனைப் பார்த்தார்.

“வெளியூர்க்காரருங்கம்மா, சும்மா கேக்கறாருங்க” என்றான் மகன்.

“நானும் சும்மாத்தான் கேட்டேன் கண்ணு.”

இடம் என் பெயரில் இருக்கிறது. கணவர் போனபின் ஒரு சென்ட்கூட நான் விற்கவில்லை.

சாப்பிடும்போது, “உங்க முழங்காலுக்கு மேட்டுப்பாளையம் காத்து நல்லதுங்கம்மா. அங்கயே ஒரு ஊடு பாத்துப்போடலாமுங்க” என்றான்.

இத்தனை வருடத்தில் என் முழங்காலை அவன் விசாரித்ததே இல்லை.