படகுக்காரன் மகள்

டூகல்,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் மெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போருக்காகப் பைன் மரம் வெட்ட, நம் ஊர் ஸ்பே ஆற்றங்கரையில் கனடாப் பட்டாளம் வந்து தங்கியிருக்கிறது. சனிக்கிழமை நடனத்தில் அவர்களில் ஒருவர் பிடில் வாசித்தார். கேப் பிரெட்டன்காரர், கனடாவில் நீ இப்போது இருக்கும் ஊர்தானாம். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, நீ கப்பல் ஏறுவதற்கு முன் எனக்காகக் கட்டிய மெட்டு. குதிகாலால் தரையில் தாளம் தட்டியபடி, நம்மவர்களைவிட வேகமாக வாசித்தார். அங்கங்கே புதுக் குழைவுகள் வேறு.

கிழவர் லாக்லன் சும்மா விடுவாரா? "யோவ், இது எங்க ஊரு மெட்டு. 'படகுக்காரன் மகள்'னு பேரு!"

"போங்க பெரியவரே! இது 'ஃப்ளோராவின் கல்யாணம்'. எங்க டூகல் தன் கல்யாணத்துக்குக் கட்டினது."

எல்லோரும் என்னைப் பார்த்துவிடாமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

பெயர் போகட்டும். கடைசி வரிக்கு முன்னால் ஒரு சுரத்தை நீ இழுத்து நிறுத்துவாயே, நான் கதவைத் திறந்து வருகிறேனா என்று பார்க்க? ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். "அவ வருவாடா, நீ வாசி!" என்று லாக்லன் கத்துவார். இந்த மனிதரும் அதே இடத்தில் நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. டூகல் எப்பவும் அங்க நிறுத்தி வாசலைப் பார்ப்பாரு. நாங்களும் அப்படியே பழகிட்டோம்."

ஃப்ளோராவிடம் இதைச் சொல்லாதே.

இப்படிக்கு,
படகுக்காரன் மகள்