ஓட்டைக்கு ஒரு மூடி

ஜூன் 3

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நீங்களோ நானோ வைத்துவிடுகிறோம். எழுதினால் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்தத் தாள்.

நம் லாரியின் ஹெட் கேஸ்கெட் மறுபடியும் போய்விட்டது. இன்ஜினின் ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு, அது நம்மை இந்தப் பாடு படுத்துகிறது. நேற்று குவாரி ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்பேன். சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது, ரேடியேட்டர் கொதித்துக் கக்கியது. காலையில் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழி குமிழியாக வருகிறது. கண்ணாடிக்கார மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். போன தடவை எரிந்த அதே இடம்தான், பின்பக்கம், ஐந்தாவது சிலிண்டருக்கும் ஆறாவதுக்கும் நடுவில்.

கணக்கு சொல்கிறேன். நீங்கள் போட்ட முதல் கேஸ்கெட் நாற்பது நாள் வந்தது. நீங்களே போட்ட இரண்டாவது முப்பத்தொரு நாள். நீங்கள் போனபிறகு கண்ணாடிக்காரர் போட்டது பத்தொன்பது நாள்.

இரண்டாவது போனபோது லாரி யார்டில் ஆறு பேர் முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வேக வைக்கத்தான் தெரியும்." சொல்லிவிட்டு மறுவாரமே வெளியூருக்கு ஜெனரேட்டர் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அந்த ஆறு பேரோடு தினமும் நின்று லோடு ஏற்றுகிறவள் நான்.

குவாரி சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இன்னொரு தடவை ஏத்தத்துல நின்னா வேற வண்டி பார்த்துக்கறேன்மா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்குப் பின்னால் எட்டு லாரி வழியில்லாமல் நின்றது.

அதனால் ஒரு பந்தயம். நாலாவது கேஸ்கெட் உங்களுடைய நாற்பது நாளைத் தாண்டாவிட்டால் லாரியை விற்றுவிட்டு, நீங்கள் சொல்கிறபடி குட்டியோடு அங்கே வந்துவிடுகிறேன். தாண்டினால் என்ன என்பதை நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேக வைக்கிறவள்

ஜூன் 14

அன்புள்ள லாரிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்தே நீ எந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாய் என்று தெரிந்தது. குட்டியின் பல்லைப் பத்திரமாக வை, நான் பார்க்க வேண்டும்.

ஆத்திரத்தில் சொன்னதை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறாயே. சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன், சொன்ன இடம் தப்பு. ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைக்கச் சொன்னால் நீ கேட்பதில்லை. இன்ஜினை முக்க விட்டால் எந்த கேஸ்கெட் தாங்கும்?

இங்கே எனக்கு அறை கிடைத்திருக்கிறது. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். மூன்று பேர் படுக்கலாம். வந்துவிடுங்கள். நான் சமைக்கிற சாதத்தை நானே முறைத்துப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

ஆனாலும் பந்தயம் என்று வந்தபிறகு குறை வைக்கக் கூடாது. ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல். தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போடு. போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக முறுக்க வேண்டும். போல்ட்டை இறக்குவதற்கு முன் ஓட்டைக்கு ஒரு மூடி எண்ணெய், அதை மறக்காதே. குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கின இருமல் மருந்தின் மூடி டூல் பாக்ஸிலேயே இருக்கும். அதுதான் என் அளவு.

நாற்பது நாள் தாண்டினால் உன் ஓட்டுதலைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சாதத்தோடு சண்டை போடுகிறவன்

ஜூன் 26

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஹெட் மட்டம்தான், பட்டறையில் பார்த்தாகிவிட்டது. தெர்மோஸ்டாட்டும் புதுசு. நேற்று காலை கேஸ்கெட்டை மாட்ட வேண்டும், மருந்து மூடியைத் துடைத்துத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். அதற்கு முன் குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு உள்மூடியை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், இறங்கவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். "கொஞ்சம் கொட்டும்மா, அப்பதான் மூடி உட்காரும்" என்று சொல்லிவிட்டு அவள் ஷூவைத் தேடப் போய்விட்டாள். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவளுடைய பென்சில் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக யார்டுக்குப் போனேன். ப்ளாக்கில் போல்ட் இறங்குகிற ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பார்த்தேன். முன்பக்கத்து ஓட்டைகளில் பென்சில் நுனி மட்டும் நனைந்தது. பின்பக்கம் போகப் போக ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி நாலு ஓட்டைகளில் பென்சில் பாதிக்கு மேல் நனைந்து வந்தது. மூன்று தடவை ஊற்றின எண்ணெயும், ஹெட்டைக் கழற்றும்போது வழிந்த தண்ணீரும் கலந்து. நம் வண்டி நிற்கிற இடம் பின்பக்கம் சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் அங்கேதான் ஓடிப்போய்ச் சேரும்.

அந்த ஓட்டைகளுக்கு அடியில் வழி கிடையாது. போல்ட் இறங்கும்போது அந்த எண்ணெய் எங்கே போகும்? அது அடியில் உட்கார்ந்துகொண்டு போல்ட்டை எதிர்த்துத் தள்ளுகிறது. அளவு பார்க்கிற ரென்ச், இறுக்கம் போதும் என்று 'டிக்' சொல்லிவிடும். நாமும் ஹெட் இறுகிவிட்டது என்று நம்பிக் கையைத் துடைத்துக்கொள்கிறோம். இறுகினது எண்ணெய், ஹெட் இல்லை.

கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எண்ணெயை போல்ட்டுக்குத் தடவுவாங்க தங்கச்சி, ஓட்டையில ஊத்த மாட்டாங்க. நீங்க மூடியும் கையுமா நின்னீங்க. எங்க வீட்டுக்காரர் முறைன்னு சொன்னீங்க. நான் என்னத்த பேச?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். உங்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் உங்கள் மூடியை நான் விடவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வந்தது, கேஸ்கெட்டுக்காக இல்லை.

எண்ணெயின் அழுத்தத்தில் ப்ளாக் விரிசல் விட்டிருக்குமோ என்று சாயம் தடவிப் பார்த்தோம், கீறல் இல்லை, தப்பித்தோம். கம்பியில் துணி சுற்றி எல்லா ஓட்டையையும் துடைத்தேன், காற்று அடித்தேன், பென்சில் காய்ந்து வருகிறவரை விடவில்லை. போல்ட்டில் மட்டும் லேசாக எண்ணெய் தடவி, இருபத்தாறையும் நானே முறுக்கினேன். நேற்று சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. இன்று முதல் நாள்.

இப்படிக்கு,
கொஞ்சம் கொட்டினவள்

ஜூலை 17

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று இருபத்திரண்டாவது நாள். பத்தொன்பதாவது நாள் காலையில் ரேடியேட்டர் மூடியை மூன்று தடவை திறந்து பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து முழு லோடு, நல்ல வெயில். ஏற்றத்தின் அடியில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டு ஏறினேன். போன தடவை நின்ற பாறை வந்தது, முள் நடுவில் இருந்தது. பாறை போயிற்று, முள் அசையவில்லை. மேலே போய் நிறுத்திவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு ஹோஸை அமுக்கினேன். அமுங்கியது. நான் கத்தின கத்தலில் சூப்பர்வைசர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவருக்கு ஹோஸை அமுக்கிக் காட்டினேன். "சரிம்மா, ஹோஸ்தானே" என்றார். அவருக்கு எங்கே தெரியும்.

நேற்று நம் யார்டின் பெரிய லாரி ஏற்றத்தில் நின்றுவிட்டது. அதற்கு டீசல் தீர்ந்துவிட்டதாம். அதையும் சேர்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனவள் யார் என்று நினைக்கிறீர்கள்?

பின்குறிப்பு: கியரை ஏற்றத்துக்கு முன்பேதான் குறைக்கிறேன். எப்போதும் அப்படித்தான் குறைத்தேன்.

இப்படிக்கு,
முள் நடுவில் இருப்பவள்

ஜூலை 29

அன்புள்ளவளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பென்சிலை வைத்துக்கொண்டு இவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. இங்கே நான் ஹெட் மாட்டின ஜெனரேட்டர்கள் இரண்டு. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். யாரும் கேட்காமலே போய் நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். பென்சில் இல்லை, வெல்டிங் கம்பியை விட்டேன். மூன்று ஈரம். நடு ஹாலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஃபோர்மன் வந்து உடம்புக்கு என்ன என்றார். உள்ளதைச் சொன்னேன். இரண்டையும் பிரித்து மறுபடி மாட்ட ஒரு வாரம் ஆனது. அவர் திட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த மூடி யார் கற்றுக்கொடுத்ததும் இல்லை. எண்ணெய் அதிகமாகப் போனால் நல்லதுதானே என்று நானாக ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அதைப் பெரிய கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பான இடத்தில் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா. இல்லை, சொன்னதே தப்பு. ஆறு பேர் முன்னால் சொன்னதை ஆறு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க முடியும். கீழே உள்ள பத்தியைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்து யார்டில் சத்தமாகப் படிக்கச் சொல்:

"யார்டில் உள்ள எல்லோருக்கும். மூன்று கேஸ்கெட்டும் போனது ஓட்டினவளால் இல்லை. ஓட்டைக்கு ஒரு மூடி எண்ணெய் ஊற்றினவன் நான். அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள், இனிமேல் என்னைவிட நன்றாக முறுக்கவும் செய்வாள்."

இப்படிக்கு,
மூடிக்காரன்

ஆகஸ்ட் 8

அன்புள்ள மூடிக்காரருக்கு,

இன்று நாற்பத்து நாலாவது நாள். ஹோஸ் அமுங்குகிறது. எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. பந்தயத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்பதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் அடுத்த வருஷத்துக்கும் ஏற்றத்து லோடை எனக்கே எழுதிவிட்டார். லாரி எங்கேயும் போகாது, நானும்தான்.

உங்கள் பத்தியை நான் எட்டு தடவை படித்தேன். குட்டி ஒரு தடவை படித்தாள், பல் இல்லாமல் படித்ததால் பாதி காற்றாகப் போனது. அவளுடைய பழைய இரண்டு பல்லையும் அந்த மருந்து மூடியில்தான் வைத்திருக்கிறேன். மூடிக்கு ஒரு வேலை வேண்டும் அல்லவா.

கண்ணாடிக்காரரிடம் பத்தியைக் கொடுக்கவில்லை. தாளை மடித்து வண்டியில் முன்கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் தட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அந்த ஆறு பேரும் அப்படியே இருக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு லோடு ஏற்ற வருவார்கள்.

நீங்களே வந்து படியுங்கள். படித்து முடித்தபிறகு பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி