கடைசியாக இறங்குபவள்

3 மார்ச், திங்கள்

காலையிலேயே வெயில். அறையைக் கூட்டினேன். மேசை, இரண்டு கதிரை, தண்ணீர்ப் போத்தல். கதவில் ‘உளவளத்துணை – மனக்கவலைகளைக் கதைக்க’ என்ற பலகை. ஆறு வாரத்தில் வந்தவர்கள்: ஒருத்தி. தலையிடிக்குக் குளிசை கேட்டு.

அறையும் என் சம்பளமும் வதனி அக்காவின் யோசனை. பெண்கள் உதைபந்தாட்ட அணியின் சொந்தக்காரி. அரிசி ஆலை வருமானத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, முட்டை, பால். மனநலம் பற்றிப் பேப்பரில் பேட்டி வேறு. படம் பெரிது. ஓரத்தில் என் தோள் மட்டும்.

அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறார். “ஓ.எல். சோதினையோடை படிப்பை விட்ட மனுசி. எவ்வளவு அறிவு பார்.” வீட்டில் பட்டம் எடுத்த ஒரே ஆள் நான், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

4 மார்ச், செவ்வாய்

மறக்கக்கூடாதவை: போனுக்கு ரீலோட், குடைக்குக் கம்பி.

இன்றுதான் கண்டுபிடித்தேன். பயிற்சி முடிய வதனி அக்கா (இனி வ.அ.) தானே வான் ஓட்டிப் பிள்ளைகளை வீடுகளில் இறக்குவார். மனதில் ஏதும் கிடந்தால், “அக்கா, இண்டைக்கு நான் கடைசியா இறங்கிறன்” என்பார்கள். வீடு முதல் சந்தியில் என்றாலும். மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. அவர் கண்ணும் வீதியில், அவள் கண்ணும் வீதியில். கதை தானாக வரும்.

நான்கு வருடம் படித்தேன். எனக்கு இது தோன்றவில்லையே. எரிச்சல்.

5 மார்ச், புதன்

எழுதாமல் விடலாம்.

பயிற்சி முடிந்து, கோல் காக்கும் நிரோஜா என் கதவடியில். முகம் வெளிறி. அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

“மிஸ், அக்கான்ரை வான் நிக்குதோ?”

கட்டடத்துக்குப் பின்னால், அவளுக்காகத்தான் நின்றது.

“போயிட்டுது. இருமன், என்னோடை கதைக்கலாம்.”

“பரவாயில்லை மிஸ்.” பஸ்ஸுக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வ.அ. ஹோன் அடித்தார். பிறகு வானுக்குள் யாரோ, “அவள் போயிட்டாளாக்கும் அக்கா.” நான் கோவைகளை அடுக்கினேன்.

7 மார்ச், வெள்ளி

இரண்டு நாளாக நிரோஜா இல்லை. போன் ஓஃப்.

வ.அ.விடம் போனேன். “வான் போயிட்டுது எண்டு நான்தான் பொய் சொன்னனான்.”

“ஏன்?”

“என்னட்டை வரட்டும் எண்டு.”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஏறும்,” என்றார்.

உரும்பிராயில் அவள் வீடு. நிரோஜா தலை வாரி இழுக்காமல் வெளியே வந்தாள். மதிலைப் பார்த்தபடி அவளிடமும் சொன்னேன்.

“அக்கா, மிஸ்ஸுக்கு உங்களிலை எரிச்சல்!”

“தெரியும். முகத்திலை எழுதி ஒட்டியிருக்கு.”

சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. வானில் முன்னால் ஏறினாள், நான் பின்னால். கோப்பாய்ப் பக்கம் ஒரு சுற்று. ஒரு மாதமாக நித்திரை இல்லையாம். கோலுக்குள் நின்றால் மூச்சு அடைக்கிறதாம், செத்துப்போவேன் என்று பயமாம். எல்லாம் நான் படித்தவை. எல்லாவற்றையும் அவருக்கே சொன்னாள். நெஞ்சு எரிந்தது. இப்போதும்.

“எனக்கு உது விளங்கேல்லை பிள்ளை,” என்றார் வ.அ. “மிஸ், என்ன செய்யலாம்?”

“டொக்டரிட்டைக் காட்டவேணும். திங்கள் கிளினிக் இருக்கு.” குரல் எனக்கே கேட்கவில்லை.

“அக்கா, நீங்கள் வருவியளோ?”

“திங்கள் ஆலையை விட்டு வர ஏலாது.”

நிரோஜா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அப்ப மிஸ் வரட்டும்.”

இரண்டாம் ஆளாகத்தான். திங்கள், ஏழு மணி பஸ்.