தோற்றதற்கு உடைத்த தேங்காய்

வெள்ளவத்தை, கொழும்பு
12.06.1998

அன்பு மகள் பாலேஸ்வரிக்கு,

அந்தக் குளிரில் நீயும் மருமகனும் குறையில்லாமல் இருக்கப் பிள்ளையார் காக்க வேண்டும். இங்கு நானும் உன் மகள் சுபோதினியும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல்லுக் கேட்பதில்லை.

ஓட்டப் போட்டி என்ன மாதிரி என்று கேட்டிருந்தாய். பிள்ளை இருநூறு மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வருகிறவளைத்தான் அடுத்த போட்டிக்குக் கண்டிக்கு அனுப்புவார்களாம், அதனால் இத்தோடு சரி. உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை மகள், அவள் தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் நான்தான். பதினாறு வயது, புது அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், போன மாதம் சென்றியில் சோதனை என்று ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கி எங்கள் இரண்டு பேரையும் இரண்டு மணித்தியாலம் வெயிலில் வைத்திருந்தார்கள். கண்டி போய்ச் சேருமட்டும் எத்தனை சென்றி, பிள்ளையைப் பிடித்து வைத்தால் நான் எந்தப் பொலிசில் போய் நிற்பேன், எனக்குச் சிங்களமும் வராது. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஓடி ஓடிக் குதிக்கால் வெடித்த பிள்ளை. ஐந்து தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டத்தில் நான்தான் முதல். தலைமை வாத்தியார் பரிசுச் சவர்க்காரப் பெட்டியைத் தன் தமக்கையின் மகள் இரத்தினம்மாவின் கையில் கொடுத்தார். பச்சைப் பெட்டி, மூடியில் அன்னம். அவளுடைய செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை, உனக்குத் தெரியும். இப்போது அந்த வாத்தியார் செய்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

நேற்று நேர்த்தி தீர்க்கப் போக, தேங்காய்ப் பையை அவளே தூக்கி வந்தாள். ரெண்டாவதா வந்ததுக்கே அஞ்சு தேங்காயோ அம்மம்மா, வெண்டிருந்தா லொறியில எல்லோ கொண்டு வந்திருக்க வேணும் என்று பகிடி விட்டாள். பிறகு, வாற வருசம் நான் வெல்லோணும் எண்டு நேருங்கோ என்றாள். ஓம் என்றேன். ஐந்து தேங்காயையும் அவளே உடைத்தாள், எனக்குக் கை எழும்பவில்லை.

வருகிற வருடத்துக்கு முன் ஸ்பொன்சர் அலுவலை முடித்து அவளைக் கூப்பிடு. அங்கே சென்றி இல்லாத ரோட்டில் ஓடட்டும், வெல்ல வேண்டும் என்று நான் இங்கிருந்து நேருகிறேன்.

மருமகனை இருமலுக்கு மருந்து எடுக்கச் சொல். இருவருக்கும் என் ஆசி. அவளுக்கு எழுதும்போது தேங்காய்க் கதையை மட்டும் எழுதிவிடாதே. அவளும் என்னைப் போலத்தான், ஒன்றையும் மறக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பத்மாவதி